டூரிங் கார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? அறிகுறியிலிருந்து சேசிஸைச் சரிசெய்யும் வழி

இந்தக் குறிப்பு 1/10 அளவு, நான்கு சக்கர இயக்கம் கொண்ட எலெக்ட்ரிக் ரிமோட் கண்ட்ரோல் டூரிங் காருக்கானது. பெல்ட் டிரைவ், முன்னால் ஸ்பூல் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் அச்சு), பின்னால் ஆயில் ஊற்றிய கியர் டிஃப் (இரண்டு சக்கரமும் வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல்), ரப்பர் டயர் என்ற அமைப்பை வைத்து எழுதியிருக்கிறோம். தார்த் தளத்துக்கும் கார்பெட்டுக்கும் பொருந்தும். இரண்டும் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பாகம் வாங்க வைப்பது கடைசியில். இந்த வரிசையைத் தாண்டாதீர்கள். "செட்டப் சரியில்லை" என்று பிட் மேசைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் செட்டப்பில் கோளாறே இருக்காது. எங்கோ ஒரு சஸ்பென்ஷன் ஆர்ம் இறுகியிருக்கும், ஒரு டயர் பசை விட்டிருக்கும், போன மோதலில் சேசிஸ் லேசாக முறுக்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டே போனால் கோளாறு மறையாது, இடம்தான் மாறும்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியபின் ஐந்தாறு சுற்று ஓட்டுங்கள். பயனில்லையென்றால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

மேனுவல் தொலைந்துபோய், எந்த அளவில் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு:

- ரைடு ஹைட் (தரையிலிருந்து சேசிஸின் உயரம்): தார்த் தளத்தில் முன் 5.2, பின் 5.4 மி.மீ.; கார்பெட்டில் இரண்டும் 5.0
- கேம்பர் (சக்கரத்தின் சாய்வு; மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்ளே): நான்கு சக்கரத்திலும் மைனஸ் 1.5 முதல் 2 டிகிரி
- பின் டோ-இன் (சக்கரங்களின் முன் ஓரம் உள்ளே திரும்பியிருப்பது): 2.5 முதல் 3 டிகிரி
- முன் டோ-அவுட் (முன் ஓரம் வெளியே திரும்பியிருப்பது): 0.5 டிகிரி
- ஷாக் ஆயில்: 400 சிஎஸ்டி (சென்டிஸ்டோக், ஆயிலின் கனத்தைச் சொல்லும் அளவு)
- ஆன்டி ரோல் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பி): முன் 1.3, பின் 1.2 மி.மீ.
- பின் டிஃப் ஆயில்: 7,000 சிஎஸ்டி

ஆயிலைச் சிஎஸ்டி எண் பார்த்தே வாங்குங்கள். "35 வெயிட்" என்பது ஒரு கம்பெனியில் ஒரு கனம், இன்னொன்றில் வேறு கனம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: பத்து நிமிடச் சோதனை

பாடியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கட்டும், அதன் எடையோடுதான் அளக்க வேண்டும். வண்டியைக் கண்ணாடிப் பலகையிலோ செட்டிங் போர்டிலோ வையுங்கள். சமையல் மேசை, பிளைவுட் பலகை எல்லாம் வேண்டாம். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் அரை மி.மீ. வளைவு இருக்கும்.

ஆர்ம் தானாக விழுகிறதா? நான்கு ஷாக்கின் கீழ் முனையையும் ஆன்டி ரோல் பார் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஆர்மையும் தூக்கி விடுங்கள். சொந்த எடையில் கடைசிவரை விழ வேண்டும். பாதியில் நின்றால் முதல் சந்தேகம் பால் கப் (மூட்டுப் பந்தைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிண்ணம்) மேல்தான். புதிய பிளாஸ்டிக் கப் பந்தை இறுகப் பிடிக்கும். கப் பந்தின் மேல் இருக்கும்போதே பிளையரால் மெதுவாக ஒருமுறை அழுத்தினால் போதும். அடுத்தது ஹிஞ்ச் பின், அதாவது ஆர்ம் ஆடும் கீல் ஊசி. உருவியெடுத்துக் கண்ணாடி மேல் உருட்டுங்கள், தள்ளாடினால் வளைந்திருக்கிறது. நிமிர்த்தப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள், விலை கொஞ்சம்தான்.

பார் சுதந்திரமாகச் சுழல்கிறதா? ஆன்டி ரோல் பார் பல்க்ஹெட்டுக்குள் (சஸ்பென்ஷனையும் டிஃப்பையும் தாங்கும் கட்டை) தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. பிடிக்கும் திருகுகளை இறுக்கிவிட்டு, பார் சிக்கும் இடத்திலிருந்து எட்டில் ஒரு சுற்று தளர்த்தினால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சக்கரத்தில் ஆட்டம் உண்டா? ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். மெல்லிய ஆட்டம் சாதாரணம். ஒரு சக்கரம் மட்டும் மற்ற மூன்றைவிட அதிகம் ஆடினால், ஹப் பேரிங், ஹெக்ஸ் (சக்கரம் உட்காரும் அறுகோணத் துண்டு) பிடிக்கும் திருகு, நக்கிள் (முன் சக்கரத்தோடு திரும்பும் பாகம்) புஷ் என்ற வரிசையில் பாருங்கள்.

ஷாக் ஜோடி ஒன்றுபோல் இருக்கிறதா? ஸ்பிரிங்கைக் கழற்றி, ஷாக் நீளத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். இடமும் வலமும் 0.1 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். இரண்டையும் அடிப்பக்கமாக ஒன்றோடொன்று வைத்து அழுத்தினால் ஒரே வேகத்தில் உள்ளே போக வேண்டும். விட்டதும் ஒரே அளவு வெளியே வர வேண்டும்.

டிரூப் (வண்டியைத் தூக்கினால் ஆர்ம் கீழே தொங்கும் அளவு) சமமா? பத்து மி.மீ. கட்டைகள் மேல் சேசிஸை வைத்து, டிரூப் கேஜால் ஆர்மின் கீழ் அளவிடுங்கள். இடவலம் துளியும் மாறக்கூடாது. சிலர் ரைடு ஹைட்டுக்கு மேல் சேசிஸ் எத்தனை மி.மீ. எழுகிறது என்று அளப்பார்கள். இரண்டும் வேறு கணக்கு. இன்னொருவரின் செட்டப் ஷீட்டைப் பார்த்து எண்ணை எழுதிக்கொள்ளும் முன், அவர் எந்த முறையில் அளந்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ட்வீக் (வண்டி முறுக்கி, எடை சக்கரங்களில் சமமாக விழாமல் இருப்பது) இருக்கிறதா? மேலே சொன்னதெல்லாம் சரியான பிறகுதான் இது. பார்களைக் கழற்றியே வைத்திருங்கள். ஷாக்குகளை மாட்டி, வண்டியைச் சிலமுறை அழுத்தி விட்டு நிலைக்கு வரவிடுங்கள். கத்தி முனை போன்ற ஒன்றால் பின்பக்கச் சேசிஸின் மிகச்சரியான நடுவில் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தரையை விட வேண்டும். வலது பின் சக்கரம் முதலில் எழுந்தால், முன் வலது ஸ்பிரிங் அதிகமாக முட்டுக்கொடுக்கிறது. அதன் காலரைக் கால் சுற்று தளர்த்தி, முன் இடதைக் கால் சுற்று இறுக்குங்கள். ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் அதே அளவு குறைக்க வேண்டும், இல்லையென்றால் ரைடு ஹைட் மாறிவிடும். அதேபோல் முன்பக்கத்தைத் தூக்கிப் பின் ஸ்பிரிங்குகளைச் சரிசெய்யுங்கள்.

காலரில் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் வித்தியாசம் வைத்தால்தான் சமமாகிறது என்றால் கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை. சேசிஸே முறுக்கியிருக்கிறது. டாப் டெக் (சேசிஸின் மேல் தட்டு) திருகுகள் அனைத்தையும் அரைச் சுற்று தளர்த்தி, கண்ணாடி மேல் சேசிஸைத் தட்டையாக அழுத்திப் பிடித்து, குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மோட்டார் மவுண்ட் திருகுகளுக்கும் இதேதான். மோதலுக்குப் பிறகு சில்லறைச் செலவுகூட இல்லாமல் வண்டியைத் திருப்பித் தருவது இந்த ஒரு வேலை.

*எப்போது மற்றவரிடம் கொடுப்பது:* திருகுகளைத் தளர்த்தியும் பிளேட் கண்ணாடி மேல் தள்ளாடினால், அல்லது கார்பன் விளிம்பில் அடுக்குப் பிரிந்து தெரிந்தால், அது ஓட்டத் தகுதியான பிளேட் அல்ல. விளிம்பில் சூப்பர் குளூ ஓட்டுவது ஆரம்பப் பிரிவை நிறுத்தும், அவ்வளவுதான்.

## நேரோட்டத்தில் ஒரு பக்கம் இழுக்கிறது

எப்போது இழுக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

### எப்போதும் இழுக்கிறது, கையால் தள்ளினாலும்

டிரிம் (ரிமோட்டில் ஸ்டியரிங்கின் நடுவை நகர்த்தும் அமைப்பு) பாருங்கள். ரிமோட்டை முதலில், வண்டியைப் பிறகு ஆன் செய்து, சர்வோ ஹார்ன் (ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டாரின் கை) செங்குத்தாக நிற்கிறதா என்று கவனியுங்கள். ஹார்ன் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் சப்-டிரிம்மை வைத்து மறைக்காதீர்கள்; கழற்றிச் சரியாக மாட்டுங்கள். அடுத்து முன் டோவை இரண்டு பக்கமும் அளங்கள். ஒரு டர்ன்பக்கிள் (நீளம் மாற்றக்கூடிய இணைப்புக் கம்பி) மோதலில் லேசாக வளைந்தால் அந்தச் சக்கரம் மட்டும் அரை டிகிரி திரும்பி நிற்கும்.

பிறகு டயர் விட்டம். இடது புதிது, வலது போன மாத ஜோடி என்றால் நேராக ஓடவே ஓடாது. பழைய டயர்களை ஜோடி ஜோடியாக எண் எழுதி வைக்கும் பழக்கம் இதற்காகத்தான்.

### ஒரு முறை இடம், ஒரு முறை வலம்

ஸ்டியரிங் நடுவுக்குத் திரும்புவதில்லை. சர்வோ சேவர் (மோதலில் சர்வோவைக் காக்கும் ஸ்பிரிங்) தளர்ந்திருக்கும், அல்லது பெல்கிராங்க் (ஸ்டியரிங் நெம்புகோல்) பேரிங்கில் மண். சர்வோ ஹார்னைக் கழற்றி, ஸ்டியரிங்கை விரலால் அசைத்துப் பாருங்கள். வெண்ணெய் போல நகர வேண்டும். நகர்ந்தால் குற்றம் சர்வோவிடம். பல்லில் ஆட்டம் அதிகமென்றால் கியர் செட் மாற்றலாம். நடுவில் நின்றபடி உறுமிக்கொண்டு சூடானால் உள்ளே மோட்டாரோ பொட்டென்ஷியோமீட்டரோ (நிலையை உணரும் பாகம்) போய்விட்டது. பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், அல்லது மாற்றுங்கள்.

### த்ராட்டில் கொடுத்தால் மட்டும்

பின்பக்க ட்வீக், டிரூப் வித்தியாசம், பசை விட்ட டயர். இந்த மூன்றில் ஒன்று. டயர் ஓரத்தை விரலால் ரிம்மிலிருந்து பிரித்துப் பார்த்துச் சுற்றி வாருங்கள். ஒரு அங்குலம் திறந்திருந்தாலும் வேகத்தில் அந்தப் பக்கம் உப்பிவிடும். அடுத்து இடவல எடை. இரண்டு சமையலறைத் தராசுகள் மேல் இடப்பக்கச் சக்கரங்களையும் வலப்பக்கச் சக்கரங்களையும் வைத்துப் பார்த்தால் தெரியும். ஐந்து கிராமுக்குள் இருந்தால் விட்டுவிடலாம், அதற்கு மேல் ஈயமோ பித்தளையோ ஒட்டுங்கள்.

### பிரேக்கில் மட்டும்

முன்பக்க ட்வீக், அல்லது ஸ்பூலின் ஒருபக்க அவுட்டிரைவில் (டிரைவ் ஷாஃப்ட் மாட்டும் முனை) தேய்மானம். முன்னால் ஒன்-வே போட்டிருப்பவர்களுக்கு வேறு கதை: முன் சக்கரங்கள் பிரேக் பிடிப்பதே இல்லை, எல்லாம் பின்னால்தான். வழுக்கும் தளத்தில் அது திரும்பிக்கொள்ளத்தான் செய்யும். ஸ்பூல் மாட்டுங்கள்.

## இடம் நன்றாகத் திரும்புகிறது, வலம் திரும்பவில்லை

இதற்கு யாரும் ஸ்பிரிங் மாற்ற வேண்டாம்.

முழு ஸ்டியரிங்கில் இரண்டு பக்கமும் சக்கரக் கோணத்தை அளந்து, எண்ட் பாயிண்டை (ரிமோட்டில் ஒவ்வொரு பக்கமும் திருப்பும் எல்லை) சமப்படுத்துங்கள். அளக்கும் கருவி இல்லையென்றால் மெதுவாக ஓட்டி, இரண்டு பக்கமும் வட்டம் போட்டு விட்டத்தை ஒப்பிடுங்கள். ரிமோட்டில் இரண்டு பக்கமும் 100 என்று காட்டுவதால் சக்கரம் சமமாகத் திரும்பும் என்று அர்த்தமில்லை.

பாடியை மாட்டிவிட்டு மீண்டும் அதே சோதனை. முன் டயர் பாடியின் உள்பக்கம் உரசினால் அங்கே கறுப்புக் கோடு விழுந்திருக்கும். வளைவு வெட்டை இரண்டு மி.மீ. பெரிதாக்குங்கள். சர்வோ வயரோ சென்சார் வயரோ ஸ்டியரிங் லிங்கைத் தடுக்கிறதா என்றும் ஒரு பார்வை.

இவை சரியென்றால் ட்வீக். பத்து நிமிடச் சோதனைக்குத் திரும்புங்கள்.

## திரும்பாமல் நேரே தள்ளுகிறது

வளைவின் எந்தக் கட்டத்தில் தள்ளுகிறது என்று பக்கத்தில் நின்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் கண்ணுக்கு எல்லாம் "திரும்பவில்லை" என்றே தெரியும்.

எந்தக் கட்டமானாலும் முதலில் டயர். முன் டயரின் வெளியோரம் மட்டும் கூம்புபோல் தேய்ந்திருந்தால் கேம்பர் போதவில்லை. அரை டிகிரி கூட்டுங்கள். டயர் திரவத்தை (பிடிப்புக்காக ரப்பரில் பூசுவது) பூசி எவ்வளவு நேரம் ஊறவிட்டீர்கள் என்பதும் கணக்கு. பின் டயருக்கு 15 நிமிடம், முன் டயருக்கு 5 நிமிடம் என்று பூசினால் முன்பக்கம் தள்ளத்தான் செய்யும். முன்னுக்கும் அதே நேரம் கொடுத்துப் பாருங்கள்.

### நுழையும்போது

1. டிராக் பிரேக்கை (த்ராட்டிலை விட்டால் தானாகப் பிடிக்கும் பிரேக்) 3 முதல் 5 சதவீதம் கூட்டுங்கள். த்ராட்டிலை விட்டதும் எடை முன்னால் வரும்.
2. முன் டோ-அவுட்டை அரை டிகிரி கூட்டுங்கள்.
3. பின் ரைடு ஹைட்டை 0.2 மி.மீ. உயர்த்துங்கள்.
4. பின் டிரூப்பைக் கூட்டுங்கள், அதாவது பின்பக்கம் இன்னும் அரை மி.மீ. எழ இடம் கொடுங்கள்.
5. பின் பாரை ஒரு அளவு தடிமனாக்குங்கள், 1.2 இருந்தால் 1.3.

பெரும்பாலும் மூன்றாவதைத் தாண்ட வேண்டிவராது.

### நடு வளைவில், த்ராட்டில் இல்லாமல் உருளும்போது

இங்கே பேசுவது ரோல் சென்டரும் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) ஸ்பிரிங்கும். முன் கீழ் ஆர்ம் மவுண்டுக்கு அடியில் இருக்கும் ஷிம்மிலிருந்து (மெல்லிய இடைவெளித் தகடு) 0.5 மி.மீ. எடுத்துவிடுங்கள், ரோல் சென்டர் இறங்கும், முன்பக்கம் கொஞ்சம் அதிகம் சாயும், பிடிப்பு வரும். எடுத்தபின் ரைடு ஹைட், டிரூப், கேம்பர் மூன்றையும் மறுபடி அளக்காவிட்டால் நீங்கள் மாற்றியது ஒன்றல்ல, நான்கு. இதை மறந்துவிட்டு "ஷிம் வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

அதற்குப் பிறகு ஒரு படி மென்மையான முன் ஸ்பிரிங்.

### வெளியேறும்போது, த்ராட்டில் கொடுத்ததும்

முன்பக்கம் எழும்புகிறது, முன் டயரின் மேல் எடை குறைகிறது. முன் டிரூப்பை அரை மி.மீ. குறைத்தால் மூக்கு அவ்வளவு தூக்காது. அது போதாவிட்டால் பின் டோ-இன்னை 3 டிகிரியிலிருந்து 2.5 ஆக்குங்கள். கார்பெட்டில் இது உடனே தெரியும். தூசி படிந்த தார்த் தளத்தில் பின்பக்கம் பிடிப்பை இழக்கும் ஆபத்து உண்டு. அங்கே டோவைத் தொடும் முன் டிரூப்பிலேயே தீர்க்கப் பாருங்கள்.

## பின்பக்கம் வாலாட்டுகிறது

### பிரேக் போட்டு நுழையும்போது

டிராக் பிரேக் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? 15 சதவீதத்துக்கு மேல் என்றால் வேறெதையும் தொடும் முன் அதைப் பாதியாக்கி ஓட்டுங்கள். அப்போதும் ஆட்டினால் பின் டிரூப்பை அரை மி.மீ. குறையுங்கள், எடை முன்னால் பாய்வது கட்டுப்படும். அடுத்து பின் ரைடு ஹைட் 0.2 கீழே. பிறகு பின் பார் ஒரு அளவு மெலிதாக.

கடைசியாகத்தான் பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குவது. பலர் இதையே முதலில் செய்வார்கள். வண்டி பின்னால் சாய்ந்து சோம்பலாகிவிடும், பிறகு அதைச் சரிசெய்ய ஆயிலைக் கனமாக்குவார்கள், அங்கிருந்து திரும்பி வருவது கஷ்டம்.

### த்ராட்டில் கொடுத்ததும்

ஓட்டும் விரலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பஞ்ச் அளவை, அதாவது தொடக்க முடுக்கத்தை, இரண்டு படி குறையுங்கள், அல்லது ரிமோட்டில் த்ராட்டில் எக்ஸ்போவை (விரல் அசைவுக்கு எவ்வளவு மென்மையாக வேகம் ஏறுகிறது என்ற அமைப்பு) மைனஸ் 15 வையுங்கள் (சில ரிமோட்டுகளில் குறி தலைகீழ், நடுப்பகுதி மென்மையாகிறதா என்று பார்த்து வையுங்கள்).

பிறகு டிஃப். ஒரு பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறுசக்கரத்தைச் சுற்றுங்கள். போன வாரத்தைவிட எளிதாகச் சுற்றினால் ஆயில் கசிந்திருக்கிறது. பல்க்ஹெட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆயில் குறைந்த டிஃப், எடை குறைந்த உள்சக்கரத்தை வீணாகச் சுழலவிடும். கழற்றி, ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் மாற்றி, கியர்களைத் தாங்கும் குறுக்கு ஊசி மூழ்கும் அளவு ஆயில் ஊற்றி மூடுங்கள். இரண்டு டிஃப் வைத்திருந்தால் தராசில் எடை ஒப்பிட்டு ஊற்றலாம். அடுத்த முறையும் அதே எடை.

டிஃப் சரியென்றால் முன் டிரூப்பை அரை மி.மீ. கூட்டுங்கள். முடுக்கும்போது எடை பின்னால் போகும். அதற்குப் பின் டோ-இன்னை அரை டிகிரி கூட்டலாம். 3.5 டிகிரிக்கு மேல் போக வேண்டிய நிலை வந்தால் டயர் ஆயுள் முடிந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாமல் பளபளவென்று இருந்தால் புது செட்தான் வழி.

### நேரோட்டத்தில் முழு வேகத்தில்

பாடி. பின் இறக்கை தளர்ந்திருக்கும், ஒரு பக்கம் கிழிந்திருக்கும், அல்லது பாடி முன்னால் அதிகம் தள்ளி மாட்டப்பட்டிருக்கும். பாடி முன்னால் நகர்ந்தால் காற்றழுத்தம் முன் அச்சுக்குப் போகும். புதிய துளையிட்டு 3 மி.மீ. பின்னால் தள்ளிப் பாருங்கள். துளைகளைத் தாராளமாக இடாதீர்கள். ரீமரால் 6 மி.மீ. போதும்.

## வளைவில் கவிழ்கிறது

கார்பெட்டின் வியாதி. தார்த் தளத்தில் வந்தால் டயர் திரவம் அதிகம், அல்லது பாடியின் முன் மூலை தரையில் குத்துகிறது. மூலையைத் தரையிலிருந்து 5 மி.மீ. இருக்கும்படி வெட்டிவிடுங்கள்.

கார்பெட்டில் சரிசெய்யும் வரிசை: முன் டயரில் திரவத்தை உள்பாதிக்கு மட்டும் பூசுங்கள். அடங்கவில்லையென்றால் முன் டயரின் வெளிப்பக்கச் சுவரில் மெல்லிய சூப்பர் குளூவை ஒரு சுற்று ஓட்டுங்கள். தரையைத் தொடும் ஓரத்துக்குச் சற்று உள்ளே தொடங்கி ரிம் வரை, இரண்டு பூச்சு. பக்கச் சுவர் மடங்கித் தரையைக் கடிப்பதை அது தடுக்கும். நிறையப் பேர் இதைக் கடைசி வைத்தியம் என்று நினைக்கிறார்கள். பிடிப்பு அதிகமான கார்பெட்டில் இது முதல் வைத்தியங்களில் ஒன்று.

பிறகு ஸ்டியரிங் டூயல் ரேட்டை (ரிமோட்டில் சக்கரம் திரும்பும் அதிகபட்ச அளவு) 10 சதவீதம் குறைத்துப் பாருங்கள். ரைடு ஹைட் 0.2 கீழே. முன் ரோல் சென்டரை உயர்த்த, கீழ் ஆர்ம் மவுண்டுக்கு அடியில் 0.5 மி.மீ. ஷிம் சேருங்கள், சாய்வு குறையும். முன் பார் 1.3லிருந்து 1.4. எல்லாம் செய்தும் கவிழ்ந்தால் ஹெக்ஸுக்குப் பின்னால் 0.5 மி.மீ. ஷிம் போட்டு அகலத்தைக் கூட்டலாம். மொத்த அகலம் 190 மி.மீ.யைத் தாண்டக்கூடாது, போட்டியின் விதிச் சோதனையில் (ஸ்க்ரூட்டினி) மாட்டிக்கொள்வீர்கள்.

## குதிக்கிறது, நடுங்குகிறது, அடி உரசுகிறது

மேட்டில் ஏறியதும் பக்கவாட்டில் பாய்ந்தால் பம்ப் ஸ்டியர், அதாவது சஸ்பென்ஷன் அசையும்போது சக்கரம் தானாகத் திரும்புவது. பாடியில்லாமல் முன்பக்கத்தைக் கையால் அழுத்தி விடுங்கள். சக்கரத்தின் டோ கண்ணுக்குத் தெரிய மாறினால், நக்கிளில் ஸ்டியரிங் பந்துக்கு அடியிலுள்ள ஷிம்மை 0.5 மி.மீ. கூட்டியோ குறைத்தோ, அழுத்தும் தூரம் முழுக்க டோ அசையாத இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

மேட்டில் துள்ளிக்கொண்டே போனால் ஷாக்கில் காற்று. கழற்றி, ஆயிலை நிரப்பி, பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கி, ஐந்து நிமிடம் நிமிர்த்தி நிற்கவையுங்கள். குமிழி நின்றபின் பிளாடரை (மூடிக்கு அடியில் வரும் ரப்பர் தகடு) வைத்து, தண்டு பாதி உள்ளே இருக்கும் நிலையில் மூடியை இறுக்குங்கள். தண்டில் கீறல் இருந்தால் ஓ-ரிங் எத்தனை மாற்றினாலும் கசியும், தண்டை மாற்றுங்கள். ஷாக் நன்றாக இருந்தும் துள்ளினால் ஆயிலை 50 சிஎஸ்டி குறையுங்கள்.

இறுக்கமான வளைவில் முன்பக்கம் கடகடவென்று நடுங்கினால் ஸ்பூலோடு ஒற்றை மூட்டு டிரைவ் ஷாஃப்ட் போட்டிருக்கிறீர்கள். சக்கரம் அதிகம் திரும்பும்போது அந்த மூட்டு சீரான வேகத்தில் சுற்றாது. இரட்டை மூட்டு ஷாஃப்ட் வாங்க வேண்டிய இடம் இது, செட்டப்பால் தீராது. ஏற்கெனவே இரட்டை மூட்டு என்றால் அவுட்டிரைவிலுள்ள பிளாஸ்டிக் பிளேடுகள் தேய்ந்திருக்கும், மாற்றுங்கள்.

முடுக்கும்போது டக் டக் என்று சத்தம் பெல்ட் பல் தாவுவது. டென்ஷனர் கேமை ஒரு படி நகர்த்துங்கள். இரண்டு படி நகர்த்தினால் சத்தமும் நிற்கும், வண்டியும் பாதி நிற்கும். கரகரவென்று இருந்தால் பினியன் (மோட்டாரிலுள்ள சிறு கியர்) மெஷ், அதாவது கியர் பற்கள் பொருந்தும் இடைவெளி. ஸ்பர் கியருக்கும் பினியனுக்கும் இடையில் ஒரு துண்டு எழுதும் தாளை வைத்து இறுக்கி, தாளை உருட்டி எடுத்துவிடுங்கள்.

அடிப்பகுதி உரசினால் பிளேட்டின் அடியைப் பார்த்து, கீறல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். முன்னால் என்றால் பிரேக்கில் இறங்குகிறது, பின்னால் என்றால் முடுக்கும்போது. அந்தப் பக்கம் 0.2 மி.மீ. உயர்த்துங்கள்; நீங்காவிட்டால் ஒரு படி கடின ஸ்பிரிங்.

## முதல் இரண்டு நிமிடம் அருமை, பிறகு ஒன்றுமில்லை

டயர் சூடு தாங்கவில்லை என்பது முதல் ஊகம். ஏப்ரல், மே வெயிலில் நண்பகல் தார்த் தளம் 50 டிகிரியைத் தாண்டிவிடும். மென்மையான ரப்பர் அதில் குழைந்து வழுக்கும். சோரெக்ஸ் போன்ற டயர்களில் 28, 32, 36 என்று எண் ஏற ஏற ரப்பர் கடினம். காலையில் 28 நன்றாக ஓடினால், மதியத்துக்கு 36 தேவைப்படலாம். டயர் மேல் சிறு சிறு ரப்பர் உருண்டைகள் ஒட்டியிருந்தால் இதுதான் விஷயம்.

அடுத்தது ஷாக் ஆயில். வெயிலில் இளகும். காலையில் 400 என்றால் மதியத்துக்கு 450 போட்டு வையுங்கள்.

மூன்றாவது மோட்டார். ஓட்டம் முடிந்ததும் இன்ஃப்ராரெட் கன்னால் மோட்டார் உடலை அளங்கள். 80 டிகிரிக்கு மேல் என்றால் பினியனில் ஒரு பல் குறையுங்கள். 17.5 டர்ன் (கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை) மோட்டாரில் வேகம் வேண்டும் என்று பல்லைக் கூட்டிக்கொண்டே போவது இந்த அறிகுறியின் மிகப் பழைய காரணம். ஐந்து நிமிடப் போட்டியில் கடைசி நிமிடம்தான் விலை கொடுக்கும்.

நான்காவது பேட்டரி. சார்ஜரில் உள்தடை எண்ணைப் பாருங்கள். இரண்டு செல்லுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பேக் கிழடாகிவிட்டது. உறை உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அழுத்திப் பார்ப்பது, குத்திக் காற்று எடுப்பது, இன்னொரு முறை சார்ஜ் போடுவது எதுவும் வேண்டாம். மணல் நிரப்பிய உலோகப் பெட்டியில் வெளியே வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

*எப்போது மற்றவரிடம் கொடுப்பது:* இஎஸ்சியிலிருந்து கருகிய வாடை, சென்சார் வயர் மாற்றியும் மோட்டார் தொடக்கத்தில் திக்குவது, சால்டர் செய்த இடம் ஓட்டத்தில் உருகுவது. கடைசியானது, மெல்லிய அயர்ன் வைத்துத் தடித்த வயருக்குச் சால்டர் போட்டதால் வருவது. 60 வாட்டுக்குக் குறையாத அயர்ன் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

## என்ன மாற்றினாலும் வித்தியாசமே தெரியவில்லை

மூன்று இடம் மட்டும் பாருங்கள். ஒன்று, சஸ்பென்ஷன் எங்கோ இறுகியிருக்கிறது. அப்படியிருந்தால் ஸ்பிரிங்கும் பாரும் வேலை செய்யவே செய்யாது. இரண்டு, டயர் முடிந்துவிட்டது. மூன்று, வண்டியின் அமைப்பே அந்த மாற்றத்துக்கு இடம் தரவில்லை. டமியாவின் டிடி-02 அடிப்படைக் கிட்டில் வரும் உராய்வு டேம்பர்களோடும் பிளாஸ்டிக் புஷ்களோடும் ரோல் சென்டர் பற்றிப் பேசிப் பயனில்லை. முதலில் ஆயில் ஷாக், பிறகு 11க்கு 5 மி.மீ. பேரிங்குகள், அடுத்து கேம்பர் மாற்றக்கூடிய மேல் ஆர்ம்கள். அந்த மூன்றும் வந்தபின் இந்தக் குறிப்பின் மேல் பகுதிக்கு வாருங்கள்.

மூன்றும் சரியாக இருந்தால், அதே தளத்தில் வேகமாக ஓட்டும் ஒருவரிடம் ரிமோட்டைக் கொடுத்து ஐந்து சுற்று ஓட்டச் சொல்லுங்கள். அவர் கையிலும் அதே கோளாறு வந்தால் மேனுவலிலுள்ள தொடக்க அளவுகளுக்கு முழுவதுமாகத் திருப்பி, வண்டியைப் பல்க்ஹெட் வரை கழற்றி மாட்டுங்கள். அவர் கையில் வராவிட்டால் வண்டியை அப்படியே வைத்துவிட்டு, ரிமோட்டில் ஸ்டியரிங் வேகம், எக்ஸ்போ, டூயல் ரேட் மூன்றையும் அவர் வைத்திருக்கும் அளவுக்கு மாற்றி இரண்டு பேட்டரி ஓட்டுங்கள்.